தக்கலைப் பக்கத்துப் பட்டறையில் செய்வித்த தலைவாசல் நிலையும் கதவும்

வில்லுக்குறிக்கு அருகே கட்டிய எங்கள் வீட்டின் தலைவாசலுக்குச் செதுக்கு வேலைப்பாடு கொண்ட நிலையும் இரட்டைக் கதவும், தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் பக்கத்தில் இருக்கும் ஒரு மரப்பட்டறையில் செய்து வாங்கினோம். கதவு ஏற்றி ஓராண்டு முடிந்திருக்கிறது. ஒரு வடகிழக்குப் பருவமழை, ஒரு கோடை, ஒரு தென்மேற்குப் பருவமழை ஆகிய மூன்றையும் அது கண்டுவிட்டதால், இப்போது எழுதுவதுதான் முறை என்று நினைக்கிறேன். புதிதாக மாட்டிய அன்று எந்தக் கதவும் அழகாகத்தான் தெரியும். குறைகளையும் சொல்லப் போவதால் பட்டறையின் பெயரையும் ஆசாரியின் பெயரையும் எழுதவில்லை. ஆனால் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒரு செதுக்குக் கதவுக்கு முன்பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது இதைப் படித்தால் விளங்கும் என்று நம்புகிறேன்.

முதலில் மரத்தைப் பற்றி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, எங்கள் பூர்வீக விளையில், அதாவது தோட்டத்தில், நின்ற முதிர்ந்த அயனி மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. விறகுக்கும் பெட்டிப் பலகைக்கும் கேட்டுப் பலர் வந்தும் அப்பா கொடுக்கவில்லை. மில்லில் கொடுத்துச் சட்டமாகவும் பலகையாகவும் அறுத்து, தொழுவத்துப் பரணில் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே காற்றுப் புகும்படி சிறு கட்டைகள் வைத்து அடுக்கிவிட்டார். ஆறேழு ஆண்டுகள் அங்கேயே கிடந்து காய்ந்த அந்த மரம்தான் இன்று எங்கள் தலைவாசலாக நிற்கிறது. கேரளத்தில் ஆஞ்சிலி என்று அழைப்பதும், அங்கே சுண்டன் வள்ளங்கள் என்ற பாம்புப் படகுகள் கட்டப் பயன்படுத்துவதும் இதே மரம்தான். தண்ணீரில் கிடந்தும் தாங்குகிற மரம் வாசலில் நின்று சாரல் தாங்காதா என்பது அப்பாவின் கணக்கு. தேக்கின் பெயருக்கு இருக்கும் மதிப்பு அயனிக்கு இல்லாததால், விளையில் நல்ல அயனியை வைத்துக்கொண்டே கடைத் தேக்குக்கு அலைகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பட்டறையில் என்னை முதலில் கவர்ந்தது, மரத்தை ஆசாரி பார்த்த விதம். எழுபதைத் தொட்டவர், இளைஞர்கள் இருவர் உடன் வேலை செய்கிறார்கள். நாங்கள் வண்டியில் கொண்டு இறக்கிய ஆறு சட்டங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். முனையை இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்து, வைரம் எங்கே முடிகிறது, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போட்டார். மரத்தின் நடுப்பகுதியில் நிறம் ஏறி இறுகிய பாகம் வைரம்; பட்டையை ஒட்டிய வெளிறிய பாகம் வெள்ளை. பூச்சியும் கறையானும் முதலில் இறங்குவது வெள்ளையில்தான். ஆறில் இரண்டைத் தள்ளிவிட்டு, "இதுல வெள்ள கூடுதலா கெடக்கு மக்களே, தொழுவத்துக் கூரைக்குக் கழுக்கோலா போட்டுக்கிடுங்க, வாசலுக்கு வேண்டாம்" என்றார். எங்கள் மரம், எங்கள் செலவு. கண்டும் காணாமல் செதுக்கித் தந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த ஒரு சொல்லுக்காகவே வேலையை அங்கே கொடுத்தோம்.

இதற்கு முன் ஏறி இறங்கிய கடைகளில் இப்படி யாரும் மரத்தைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கடையில், பர்மா தேக்கு என்று சொல்லி வைத்திருந்த ஆயத்தக் கதவின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோது, மெருகு படாத இடத்தில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. முகப்பில் மட்டும் சாயம் ஏற்றி நிறத்தை ஒப்பேற்றியிருந்தார்கள். மியன்மார் அரசு 2014 ஏப்ரல் முதல் உருளை மரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்ட பிறகும், நம்மூர்க் கடைகளில் பர்மா தேக்கு என்ற சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. பழைய வீடுகளை இடித்தெடுத்த மரமாக இருந்தால் அது உண்மையாக இருக்கலாம். புது மரம் என்றால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். மரத்தின் பெயரை நம்பி ஏமாறுவது புதிதும் அல்ல. 1842இல் ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் எலன்பரோ, குஜராத்தின் சோமநாதர் கோயிலின் சந்தனக் கதவுகள் என்று சொல்லிக் கஜினியிலிருந்து ஒரு சோடிக் கதவைப் பெரும் ஆரவாரத்துடன் கொண்டுவரச் செய்தார். பிற்பாடு ஆராய்ந்தபோது அது சந்தனமும் அல்ல, குஜராத்து வேலையும் அல்ல, தேவதாரு மரம் என்று தெரிந்தது. அந்தக் கதவுகள் இன்றும் ஆக்ராக் கோட்டையில் கிடக்கின்றன. ஒரு பேரரசே பெயரை நம்பி ஏமாந்திருக்கும்போது, நாம் கதவின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எங்கள் நிலை முழுவதும் அயனி. கதவு இரண்டுக்கும் தேக்கு. தேக்கை ஆசாரியே வாங்கித் தந்தார், நிலம்பூர்ப் பக்கத்து மரம் என்றார். 1840களில் கானொலி என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் தேக்குத் தோட்டம் போடப்பட்ட ஊர் அது. அந்த ஊர்ப் பெயரை நான் நம்பியது ஒரு பங்கு என்றால், பலகையின் நான்கு பக்கமும் இழைத்துக் காட்டிய பிறகு நம்பியது மூன்று பங்கு.

இனி நிலை. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் செதுக்குக் கதவு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் பூவையும் யானையையும் பார்க்கிறார்கள். அந்தப் பூவைத் தாங்கி நிற்கிற நிலையை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் கட்டளை என்றும், வாசக்கால் என்றும் சொல்கிற இந்தச் சட்டம் இரண்டு கால்களும் ஒரு மேல்படியும் ஒரு கீழ்ப்படியும் சேர்ந்தது. இப்போது கடைகளில் வருகிற பல நிலைகளில் நான்கு மூலையையும் சாய்வாக வெட்டி ஒட்டி, உள்ளே இரும்பு ஆணி அடித்துவிடுகிறார்கள். ஓர் ஆண்டு மழையும் வெயிலும் கண்டதும் அந்த மூலைதான் முதலில் வாய் பிளக்கும். எங்கள் ஆசாரி காலின் தலையில் கழுந்து, அதாவது துளைக்குள் இறங்கும் மர நாக்கு, எடுத்து, மேல்படியில் அதற்கு அளவாகத் துளை வெட்டி, கழுந்தைத் துளைக்குள் இறக்கி, குறுக்கே மரமுளை அடித்துப் பூட்டினார். இரும்பு ஒன்றுகூட இல்லை. முளைத் துளைகளை அவர் நேருக்கு நேர் இடவில்லை. கழுந்தில் இட்ட துளையை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி இட்டிருந்தார். முளையை அடிக்க அடிக்க அது காலை மேல்படியோடு இழுத்து இறுக்குகிறது. கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியல் விழும் ஓசை தொளதொளவென்று தொடங்கி, கடைசி நான்கு அடியில் கல்லில் தட்டுவதுபோல் மாறியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஓராண்டுக்குப் பிறகு இப்போதும் அந்தப் பொருத்தில் என் நகம் நுழையவில்லை.

மேல்படியும் கீழ்ப்படியும் காலோடு நின்றுவிடாமல் இருபுறமும் அரையடி நீண்டு சுவருக்குள் போயிருக்கின்றன. பழைய வீடுகளில் இப்படித்தான் இருக்கும். காலை நிறுத்தும்போது மரத்தின் மூடு எந்தப் பக்கம், நுனி எந்தப் பக்கம் என்று பார்த்து, மூடு கீழே வரும்படி நிறுத்தினார். மரம் விளையில் நின்றபடியே வாசலிலும் நிற்க வேண்டும் என்பது வழிவழியாக வரும் விதி. அளவும் பழைய முறையில்தான். 24 விரல் ஒரு கோல், ஒரு கோல் 72 சென்டிமீட்டர் என்ற கணக்கில் எழுதி, பிறகு எங்கள் பொறியாளருக்காக அடியிலும் அங்குலத்திலும் மாற்றிக் கொடுத்தார். கதவின் திறப்பு ஏறக்குறைய ஏழடி உயரம், நான்கடி அகலம்.

கீழ்ப்படியில்தான் வீட்டுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. பொறியாளர் கீழ்ப்படியே வேண்டாம், டைல்ஸ் தரையோடு தரையாகப் போகட்டும் என்றார். அம்மாவுக்கு முட்டுவலி, படி தட்டும் என்பது என் கவலை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்க ஒரு படி இல்லாத வாசல் என்ன வாசல் என்று அம்மாதான் பிடிவாதமாக நின்றார். ஆசாரி இருவருக்கும் இடம் கொடுத்து ஒரு வழி சொன்னார்: படியின் பெரும்பகுதியைத் தரைக்குள் இறக்கி, வெளியே ஒன்றரை அங்குலம் மட்டும் தெரியும்படி வைத்து, அதன் முனையை உருட்டிவிடலாம், மஞ்சள் தண்ணீர் மரத்தின் அடியில் தேங்காமல் இருக்க அதன் கீழ் ஒரு கருங்கல் பலகை போடலாம். அப்படியே செய்தோம். அம்மா இதுவரை ஒருமுறையும் தடுக்கவில்லை, படியும் இன்னும் கறுக்கவில்லை. வேலை வாங்குகிற வீட்டில் யார் நடமாடுகிறார்கள் என்று கேட்டு வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்தோம் என்ற நிறைவு அன்றுதான் எனக்கு வந்தது.

செதுக்கு வேலைக்கு வருகிறேன். மேல்படியின் நடுவில் தாமரை வேண்டும் என்று கேட்டு, கைப்பேசியில் நான்கைந்து படங்களைக் காட்டினேன். அவர் படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பூவ படத்துல பாத்து வெட்டப்பிடாது மக்களே. கொட்டாரத்துல போயி அண்ணாந்து நின்னு பாத்துட்டு, எது வேணும்னு வந்து சொல்லுங்க" என்றார். கொட்டாரம் என்று அவர் சொன்ன பத்மநாபபுரம் அரண்மனை எங்களுக்கு அரை மணி நேரத் தொலைவு. பள்ளிச் சுற்றுலாவில் போனதோடு சரி. 1601 வாக்கில் தொடங்கப்பட்டு, மார்த்தாண்ட வர்மர் காலத்தில் விரிந்து, 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த அந்த வளாகத்தை, ஒரு கதவு செய்யப் போகிறவனாகப் பார்த்தது இதுவே முதல் தடவை. பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் 90 தாமரைகள் இருக்கின்றன, ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. சிலவற்றில் இதழ் விரிந்து தட்டையாகக் கிடக்கிறது. சிலவற்றில் உள்ளிதழ் இன்னும் கூம்பி நிற்கிறது. இதழ்நுனி மடிந்த பூவும் உண்டு. கழுத்து வலிக்கும்வரை நின்று மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். தாய்க்கொட்டாரத்தின் செதுக்குத் தூண்களையும், மந்திரசாலைச் சன்னல்களில் வண்ண மைக்கா வழியே விழும் வெளிச்சத்தையும் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. போக நினைப்பவர்கள் திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

நான் தேர்ந்தெடுத்த மூன்று பூவையும் மேல்படியில் அவரே தம் கையால் வெட்டினார். நடுவில் விரிந்தது, இருபுறமும் பாதி விரிந்தது ஒன்றும், கூம்பியது ஒன்றும். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றாக இல்லையே என்று பார்க்கிற உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கோ அதுதான் இந்த வாசலின் உயிர். கூம்பிய பூவின் உள்ளிதழ் ஒன்றின் கீழே விரல் வைத்தால், நுனிக்கு அடியில் உளி உள்ளே போய்க் குடைந்திருப்பது தெரிகிறது. இதழ் மரத்தோடு ஒட்டிக் கிடக்கவில்லை, எழுந்து நிற்கிறது. மாலை நாலரை மணிக்கு மேற்கு வெயில் சாய்ந்து விழும்போது அந்த இதழின் நிழல் அடுத்த இதழின் மேல் விழுகிறது. இந்தக் குடைவு ஒன்றுக்காக மட்டும் மூன்று நாள் ஆனது. உளியின் வாய் அரை அங்குலத்துக்கும் குறைவு. இடது கைப் பெருவிரலால் அதன் போக்கைத் தடுத்துக்கொண்டு, கொட்டாப்புளி இல்லாமல் உள்ளங்கையால் தள்ளித் தள்ளி வெட்டினார்.

வாசக்கால்களில் செதுக்கு, பட்டை பட்டையாக மூன்று வரிசையில் வருகிறது: உள்ளே மணிக்கோவை, நடுவே கொடி, ஓரத்தில் இலை. கோயில் வாசல்களைக் கவனித்தால் இந்தப் பட்டைகள் மூன்றாகவோ ஐந்தாகவோ ஏழாகவோ வருவதைக் காணலாம்; சிற்ப நூல்கள் இவற்றைச் சாகை, அதாவது கிளை என்கின்றன. வடநாட்டுக் கோயில்களில் காலின் அடியில் கங்கையும் யமுனையும் நிற்பார்கள். நம் பக்கத்து வீடுகளில் மேல்படியின் நடுவே கஜலட்சுமி அமர்வாள். கல்லில் நாம் பார்க்கும் இந்த அமைப்பு மரத்திலும் மிகப் பழமையானது. இமாசலப் பிரதேசத்தில் பர்மௌர் என்ற மலையூரில், இலட்சணாதேவி கோயிலின் மர வாசல் ஏழாம் நூற்றாண்டினது என்று கணிக்கப்படுகிறது. பனி பெய்யும் ஊரில் சரிவுக் கூரையின் அடியில் அது இன்றும் நிற்கிறது. மரம் கல்லைப்போல் நிற்காது என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்வேன். மரமும் நிற்கும், மேலே கூரை நீண்டிருந்தால். எங்கள் வாசலுக்கு முன் மூன்றடி ஓட்டுச் சாய்ப்பு இறக்கிய பிறகுதான் கதவை ஏற்ற வேண்டும் என்று ஆசாரி நிபந்தனை போட்டது இதனால்தான். அந்தச் செலவு எங்கள் திட்டத்தில் இல்லை. ஆனாலும் அவர் கேட்டது சரியே.

இனிக் குறைகள். முதலாவது, எனக்கு மனவருத்தம் தந்தது. கால்களில் இருக்கும் கொடியைக் கூர்ந்து பார்த்தபோது, பள்ளத்தின் அடி வட்டமாக உருண்டிருந்தது. இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலைகளில் உளியின் கூர் இல்லை. மேல்படித் தாமரையிலோ அடிப்பள்ளம் கூராக வந்து முடிகிறது. சாய்வெளிச்சத்தில் டார்ச் பிடித்துப் பார்த்தால், கொடியின் தரையில் மயிரிழை போன்ற இணைகோடுகள் வரிசையாகத் தெரிந்தன. கணினி எந்திரத்தின் சுழலும் முனை ஓடிய தடம் அது. முழுவதும் கைவேலை என்று பேசித்தான் கூலி முடிவு செய்திருந்தோம். கேட்டபோது ஆசாரி மறைக்கவில்லை. கொடியை வெளியே எந்திரத்தில் ஓட்டிவிட்டு, தம் ஆட்கள் உளியால் திருத்தியதாக ஒப்புக்கொண்டார். பேசிய கூலியான 74,000 ரூபாயில் 6,000 ரூபாயைத் தாமாகவே குறைத்தார். எந்திர வேலை என்பதாலேயே அது இழிவு என்று நான் சொல்லவில்லை. நேரான பட்டைக்கும், திரும்பத் திரும்ப வரும் கொடிக்கும் அது போதும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நான் டார்ச் அடித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த 6,000 ரூபாய் குறைந்திருக்காது என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது.

இரண்டாவது, காலதாமதம். தை மாதம் முன்பணம் கொடுத்தோம். நிலை, சொன்னபடி பங்குனியில் வந்து, நல்ல நாள் பார்த்து வைத்தும் ஆயிற்று. கதவுகள் சித்திரைக் கடைசியில் வரும் என்றார்கள், வந்தது ஆவணியில். நடுவே நான்கு மாதம் தலைவாசலைத் தகரம் வைத்து மறைத்திருந்தோம். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அடுத்த வாரம் என்ற ஒரே பதில். ஒரு காரணம் நியாயமானது: பலகைகளைச் சேர்த்த பிறகு ஒரு பலகை லேசாக முறுக்கியதால் அதைக் கழற்றிவிட்டு வேறு பலகை போட்டார்கள். அதை அன்றே சொல்லியிருந்தால் பால்காய்ப்பு நாளைத் தள்ளி வைத்திருப்போம். நாங்கள் தகர மறைப்போடு பால் காய்ச்சினோம்.

மூன்றாவது, ஐப்பசி மழையில் இடப்பக்கக் கதவு ஊதி, நடுவில் உரசத் தொடங்கியது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. எந்த மரக்கதவும் மழையில் சற்று ஊதவே செய்யும். குறை அதில் இல்லை. மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வர பதினொரு நாள் ஆனதில்தான் குறை. வந்தவர் நல்ல பையன். உடனே இழைத்துத் தள்ளிவிடவில்லை. எங்கே எவ்வளவு உரசுகிறது என்று சுண்ணாம்புப் பொடி தடவிப் பார்த்து, அந்த இடத்தில் மட்டும் இரண்டு சுருள் எடுத்தார். கோடையில் மரம் மீண்டும் சுருங்கும், இப்போது அதிகம் எடுத்தால் அப்போது இடைவெளி தெரியும் என்று விளக்கவும் செய்தார். காசு வாங்கவில்லை. கோடையில் பார்த்தேன், இடைவெளி இல்லை. இந்த ஆண்டு ஆடி மழையிலும் உரசவில்லை.

கதவின் ஏற்பாடு பழைய குடுமி முறை. கீல் கிடையாது, கதவின் ஓரச்சட்டமே மேலும் கீழும் முளையாக நீண்டு, மேல்படியிலும் கீழ்ப்படியிலும் உள்ள குழிகளில் அமர்ந்து சுழல்கிறது. கீழ்க்குழியில் பித்தளைக் கிண்ணி வைத்திருப்பதால் மரத்தோடு மரம் தேயவில்லை. திறக்கும்போது கனமான கதவு என்று கைக்குத் தெரிவதே இல்லை, எங்கள் ஐந்து வயதுப் பிள்ளை ஒரு கையால் தள்ளுகிறது. இரண்டு கதவும் சேரும் இடத்தை மறைத்து நிற்கும் நடுப்பட்டியில், பழைய கேரள வீடுகளில் சூத்திரப்பட்டிகை என்பார்கள், வரிசையாகக் குமிழ்கள் எடுத்திருக்கிறார்கள். கேரளத்துப் பழைய வேலைப்பாட்டுப் பூட்டான மணிச்சித்திரப் பூட்டு வேண்டுமா என்று ஆசாரி கேட்டார். அழகுதான் என்றாலும் தினசரிப் புழக்கத்துக்குச் சாதாரணப் பூட்டே போதும் என்று விட்டுவிட்டோம். உப்புக்காற்று எட்டுகிற ஊர் என்பதால் குமிழ், சங்கிலி, தாழ் எல்லாம் பித்தளை.

மெருகு விஷயத்தில் அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று. சுவருக்குள் போகிற, கண்ணுக்குத் தெரியாத பாகங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவினார். எங்கள் பக்கத்து முந்திரி ஆலைகளில் கிடைக்கும் அந்தக் கறுத்த எண்ணெய் கறையானுக்கு ஆகாது; கையில் பட்டால் தோல் பொத்துவிடும் என்பதால் பிள்ளைகளை அருகே விடக்கூடாது. வெளிப்பாகத்துக்குப் பளபளப்பான கண்ணாடி மெருகு வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் ஏற்றினால் போதும் என்றார். பளபளப்பு மெருகின் கீழே உளித்தடம் செத்துவிடும் என்பதை, பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்து நானே உணர்ந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் புதுப்பிக்க வேண்டும், அந்த வேலை ஒன்றுதான் மிச்சம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தேக்கு 5 கன அடி, கன அடிக்கு 4,200 வீதம் 21,000, செதுக்கு உட்படக் கூலி, குறைத்தது போக 68,000, பித்தளைச் சாமான்கள் 16,500, மெருகு 9,000. மொத்தம் 1,14,500 ரூபாய். நிலைக்கு மரம் எங்களுடையது என்பதால் அந்தச் செலவு இதில் இல்லை. இதே அளவில், முழுவதும் எந்திரச் செதுக்குக் கதவும் நிலையும் நாகர்கோவிலில் ஒரு கடையில் 58,000 ரூபாய்க்குக் கேட்டேன். ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறோம். இந்தக் கூடுதல் பணத்தின் பெரும்பகுதி அந்தக் கழுந்துக்கும் துளைக்கும் போயிருந்தாலும் நான் மகிழ்ந்திருப்பேன். எனக்குத் தெரிந்த ஒருவர் காரைக்குடி போய், இடித்த செட்டிநாட்டு வீடொன்றின் நிலைக்கதவை வாங்கிவந்து தம் வீட்டில் வைத்திருக்கிறார். வேலைப்பாட்டில் எங்கள் கதவு அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனாலும் அதன் மேல்படியில் இன்னொரு குடும்பத்தார் நூறு ஆண்டு மஞ்சள் பூசிய கறையைப் பார்க்கும்போது, வீடு இருந்த இடத்திலேயே அந்தக் கதவு இருந்திருக்கலாமே என்று மனம் கனக்கிறது.

யாருக்கு இந்தப் பட்டறையைச் சொல்வேன்? சொந்த மரம் வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். மரத்தைக் கெடுக்கமாட்டார்கள், மிச்சத் துண்டைக்கூட எண்ணித் திருப்பித் தருவார்கள். நாள் குறித்துவிட்டு வேலை கொடுப்பவர்களுக்குச் சொல்லமாட்டேன். கொடுப்பதாக இருந்தால், எந்தப் பாகம் கைவேலை, எந்தப் பாகம் எந்திரம் என்று காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிலையைப் பொருத்துகிற அன்று நேரில் போய் நில்லுங்கள். தை மாதத்தில் கொடுத்து ஆவணியில் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பூசையறைக் கதவையும் இவரிடமே கொடுத்திருக்கிறோம். அதே அயனியில் மிச்சமிருந்த இரண்டு பலகை போதும் என்றார். இம்முறை கொடியையும் அவர் கையாலேயே வெட்ட வேண்டும் என்று பேசி, எழுதியும் வாங்கியிருக்கிறேன். எந்தப் பூ வேண்டும் என்று பார்த்து வர, வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி கொட்டாரத்துக்குப் போகிறோம்.